பல் பிடுங்கும் நேரத்தில் சரித்திரம்

உலகத்தில் சந்தேகப் பிராணிகள் பல ரகம். கதவைப் பூட்டினோமா என்று நாலு தெரு தாண்டியபின் திரும்பி ஓடுகிறவர் ஒரு ரகம். கடைக்காரர் நிறுத்துப் போடும்போது தராசு முள்ளையே முறைத்துக்கொண்டு நிற்கிறவர் இன்னொரு ரகம். இவர்களால் ஊருக்குப் பெரிய தொந்தரவு இல்லை. நான் சொல்ல வந்தது மூன்றாவது ரகம். கதவு, தராசு, கட்டிய மனைவி எதைப் பற்றியும் ஒரு சந்தேகமும் வராமல், பல நூறு ஆண்டுகளுக்கு முன் செத்துப்போனவர்களைப் பற்றி மட்டும் சந்தேகம் வருகிற ரகம். சரித்திர சந்தேகி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவரைச் சரித்திரம் தெரிந்தவர் என்று எண்ணி ஏமாந்துவிடாதீர்கள். எந்தப் போர் எந்த ஆண்டில் நடந்தது என்று கேட்டால் திருதிருவென விழிப்பார். ஜெயித்தது யார், தோற்றது யார் என்பதிலும் நிச்சயம் கிடையாது. ஆனால் இருபதாயிரம் பேர் ஒரு கோட்டையை வளைத்துக்கொண்டு மூன்று மாதம் மைதானத்தில் உட்கார்ந்திருந்தார்களே, அத்தனை பேரும் காலையில் எழுந்து எங்கே போனார்கள், போன இடத்தில் வரிசை உண்டா, தளபதி வந்தால் வரிசையில் நின்றவர்கள் வழிவிட வேண்டுமா, கோட்டைச் சுவர் மேல் காவல் நின்றவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்களா என்பதெல்லாம் தெரியாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

கையில்தான் போன் இருக்கிறதே, தேடிப் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்பீர்கள். இதை அவரிடமே கேட்டுப் பாருங்கள். "தேடினா பதில் வந்துடுமே" என்பார், நல்ல பழத்தை யாரோ நசுக்கச் சொன்னதுபோல முகத்தை வைத்துக்கொண்டு. அவருக்கு வேண்டியது பதில் அல்ல. தன்னைப் போலவே பதில் தெரியாமல் முழிக்க இன்னொரு ஆள்.

இந்த இனத்தில் வக்கீல் உண்டு, வண்டி ஓட்டுகிறவர் உண்டு, வட்டாட்சியர்கூட உண்டு. யாராக இருந்தாலும் நாம் தப்பித்துவிடலாம். பஸ் வந்துவிட்டது என்று ஓடலாம். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று புளுகலாம். ஆனால் இந்த இனத்தில் ஒருவர் பல் டாக்டராகப் பிறந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? ஊர் வாயை மூட முடியாது என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இவர் தொழிலோ ஊர் வாயைத் திறப்பது.

அப்படி ஒருவர் இருந்தார். கடிகார ரிப்பேர் கடைக்கு மேலே, பதினேழு படி ஏறினால் அவருடைய கிளினிக். இரண்டு நாற்காலி, ஒரு எக்ஸ்ரே பெட்டி, காத்திருக்கிறவர்களுக்கு ஒரு நீளமான பெஞ்சு. பெஞ்சுக்கு எதிரே சின்ன மேஜை போட்டு அக்கா உட்கார்ந்திருப்பார். அக்காவுக்குப் பெயர் உண்டு, ஆனால் நோயாளிகள், டாக்டர், மருந்து கொண்டுவருகிறவர் எல்லாருக்கும் அவர் அக்காதான். சீட்டு எழுதுவது, பஞ்சு சுருட்டுவது, கருவிகளைக் கொதிக்க வைப்பது, அழுகிறவர்களைத் தட்டிக்கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

டாக்டருக்குக் கைராசி என்றால் அப்படி ஒரு கைராசி. அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர் கேள்வி கேட்கிற நேரம் இருக்கிறதே, அதுதான் அநியாயம். நோயாளி உள்ளே வரும்போது கேட்க மாட்டார். உட்காரும்போது கேட்க மாட்டார். வாயைத் திறக்கச் சொல்லி, ஒரு பக்கம் பஞ்சு அடைத்து, இன்னொரு பக்கம் எச்சில் இழுக்கிற டியூபை மாட்டி, நடுவில் குட்டிக் கண்ணாடியை நுழைத்து, இனி இந்த மனிதனால் 'ஆ' என்ற ஓர் எழுத்தைத் தவிர வேறெதுவும் சொல்ல முடியாது என்று உறுதியான பிறகு, மெல்ல ஆரம்பிப்பார்.

"ஒரு சின்ன சந்தேகம்."

சின்ன சந்தேகம் என்று சொன்னால் பெரிது என்று அர்த்தம். பெரிய சந்தேகம் என்றால் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

"முதமுதல்ல பீரங்கி செஞ்சவன் இருக்கான் இல்லையா," என்பார், பஸ் டிரைவரின் கடைவாய்ப் பல்லில் கிண்டிக்கொண்டே. "முதல் தடவை அதைச் சுடும்போது காதைப் பொத்திக்கிட்டிருப்பானா? பொத்தணும்னு அவனுக்கு யாரு சொல்லியிருப்பா? சத்தம் வரும்னே அதுவரைக்கும் யாருக்கும் தெரியாதே."

பஸ் டிரைவர் "ஆ" என்பார்.

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்பார் டாக்டர்.

இன்னொரு நாள் தையல்கார அம்மாவிடம். "ரெண்டு நாட்டு ராஜாக்கள் சந்திக்கிறாங்க. இவர் பாஷை அவருக்குத் தெரியாது, அவர் பாஷை இவருக்குத் தெரியாது. நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளர். சரி. அந்த ஆளுக்கு ரெண்டு பாஷையையும் சொல்லிக்கொடுத்தது யாரு? அந்தச் சொல்லிக்கொடுத்தவனுக்கு யாரு? வலிச்சா இடது கையைத் தூக்குங்க."

தையல்கார அம்மா இடது கையைத் தூக்கினார். எது வலித்தது என்று யாருக்குத் தெரியும்?

வீட்டில் இந்தப் பருப்பு வேகாது. ஏனென்றால் அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சர். டாக்டருக்குத் தெரியாத ஆண்டுகள் எல்லாம் டீச்சருக்குத் தெரியும். உடன்படிக்கைகள் தெரியும், அவற்றின் ஷரத்துகள் தெரியும், போருக்கான காரணங்கள் ஆறும் விளைவுகள் ஏழும் வரிசையாகத் தெரியும். சரித்திர டீச்சரைக் கல்யாணம் செய்துகொண்டபோது டாக்டர் தன் அதிர்ஷ்டத்தை நினைத்துப் பூரித்துப் போனார். அந்தப் பூரிப்பு ஒரு வாரம் இருந்தது.

"யானைங்களை ஓட்டிக்கிட்டுப் பனிமலையைத் தாண்டிப் போனாங்களே, யானைக்குக் குளிருக்கு என்ன போத்தினாங்க?"

"பாடத்துல இல்லைங்க."

"இல்ல, சும்மா ஒரு ஊகமா..."

"ஊகம் பரீட்சைக்கு வராது. விடைத்தாள் கட்டு இருக்கு, அந்த நாற்காலியை இப்படித் தள்ளுங்க."

பதினெட்டு வருஷக் குடித்தனம் இப்படியே போயிற்று. வீட்டில் மென்று விழுங்கியதையெல்லாம் டாக்டர் கிளினிக்கில் வந்து கொட்டினார். நோயாளிகளும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார்கள். தெருவில் வேறு பல் டாக்டர் இல்லாதவரைக்கும்.

எதிர்ச்சாரியில் புதுக் கிளினிக் வந்தது. வாசல் முழுக்கக் கண்ணாடி. உள்ளே ஏசி. கூரையில் மறைத்து வைத்த ஒலிபெருக்கியிலிருந்து நீரோடைச் சத்தம். அங்கிருந்த இளம் டாக்டர் முகமூடியை மாட்டினால் கழற்றுகிறவரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டாராம். இதை ஊரே ஒரு அதிசயம்போலச் சொல்லிக்கொண்டது. மூன்றே மாதத்தில் நம் டாக்டரின் பெஞ்சில் நடுவில் ஆள் உட்கார இடம் கிடைத்தது. அடுத்த மாதம் காலை நீட்டிப் படுக்கவே இடம் கிடைத்தது. ஒரு திங்கட்கிழமை அக்கா இரண்டாவது நாற்காலியை வெள்ளைத் துணி போட்டு மூடினார். டாக்டர் அதைப் பார்த்தார். அவர் நெஞ்சில் எதையோ போட்டு மூடியதுபோல இருந்தது.

அதே வாரம் கீழே இருந்து கடிகார ரிப்பேர்க்காரர் ஏறி வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. வாசலிலேயே நின்றார்.

"டாக்டர், பல்வலி சுத்தமாப் போயிடுச்சு. அதுக்கு நன்றி. ஆனா அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்களே, மணல் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிற ஆளு அசந்து தூங்கிட்டா, முழிச்சப்பறம் மணி என்னன்னு யாரைப் போய்க் கேப்பான்னு? பத்து நாளா எனக்குக் கை ஓடலை. ஒரு கடிகாரத்தைத் திறந்தா அந்த ஆளு வந்து நிக்கிறான். அடுத்த பல்லுக்கு நான் எதிர்லயே போயிடறேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

டாக்டர் தப்பாக நினைக்கவில்லை. ஆனால் அன்று மாலை அக்கா டீச்சருக்குப் போன் செய்துவிட்டார். டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்தார். இரண்டு பெண்களும் ஐந்து நிமிடம் பேசினார்கள். டாக்டரிடம் கருத்துக் கேட்கப்படவில்லை. கருவி அலமாரியின் கதவுக்கு உட்புறம், அவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற இடத்தில், டீச்சரின் மணிமணியான கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. 'வாயைத் திறங்க. வலிக்குதா? கொப்பளிங்க. துப்புங்க. அடுத்த வாரம் வாங்க.' கிளினிக்கில் இனி டாக்டர் பேச அனுமதிக்கப்பட்ட வாக்கியங்கள் இந்த ஐந்து. இவற்றில் ஒன்று கேள்வியாக இருப்பதே பெரிய சலுகை என்று அக்கா விளக்கினார்.

"நான் அப்படி என்ன கேட்டுட்டேன்?" என்றார் டாக்டர், பாவமாக.

"இதோ, இதுவே லிஸ்ட்ல இல்லை," என்றார் டீச்சர்.

மனிதர் நிஜமாகவே வாயை மூடிக்கொண்டார். மூன்று வாரம். பட்டினி கிடப்பவரின் வைராக்கியம் அது. நாக்கு நுனிவரை வந்த கேள்வியைத் திருப்பி அனுப்பும்போது அவர் தொண்டைக்குழி ஏறி இறங்குவது முகமூடிக்குக் கீழே தெரியும். அக்கா வெளியே போன சமயங்களில், காய வைத்திருந்த பல் அச்சுகளைப் பார்த்து அவர் ஏதோ முணுமுணுத்ததாகவும் கேள்வி.

ஆனால் கூட்டம் திரும்பவில்லை. இருந்த கூட்டமும் நெளிய ஆரம்பித்தது. காரணம் யாருக்கும் முதலில் புரியவில்லை. பஸ் டிரைவர், ஐந்து வருஷமாக அசையாமல் வாயைக் காட்டியவர், திடீரென்று நாற்காலிக் கைப்பிடியைப் பிய்த்துவிடுவதுபோலப் பிடித்தார். தையல்கார அம்மா பாதியில் எழுந்து, "அடுப்பை அணைச்சேனான்னு தெரியலை" என்று படியிறங்கிவிட்டார். அவருக்கு அடுப்பு இருப்பதே மாலையில்தான் நினைவுக்கு வரும்.

அக்காதான் கண்டுபிடித்தார். "டாக்டர், நீங்க பேசாததால அந்த மிஷின் சத்தம் கேக்குது. இத்தனை வருஷமா அது இப்படி அலறும்னு எனக்கே தெரியாது."

பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம். டாக்டர் ஜன்னலருகே நின்று எதிர்ச்சாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அதைக் கண்டார். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, ஒரு கன்னத்தைக் கையால் பொத்தியபடி, கழுத்தில் கட்டிவிட்ட நீலக் காகிதத் துணி காற்றில் பறக்க, ஒரு பெண்மணி தெருவுக்கு ஓடி வந்தார்.

"அக்கா, அது நம்ம டீச்சர்தானே?"

டீச்சரேதான். அவருடைய ஞானப்பல் ஒரு மாதமாகக் குறுக்கே முளைத்து வதைத்துக்கொண்டிருந்தது. வீட்டில் சொல்லவில்லை. சின்ன வயதில் ஒரு பல் டாக்டர் "வலிக்கவே வலிக்காது" என்று சொன்னதை நம்பி ஒருமுறை வாயைத் திறந்ததிலிருந்து, சக்கரவர்த்திகள் முதல் சர்வாதிகாரிகள் வரை யாருக்கும் அஞ்சாத அந்த அம்மாள் பல் நாற்காலி என்றால் மட்டும் நடுங்குவார். புருஷனிடம் பயத்தைக் காட்ட மனம் ஒப்பாமல், பேசாத டாக்டரிடம் போய்ப் பேசாமல் முடித்துக்கொண்டு வந்துவிடலாம் என்று போயிருக்கிறார்.

படியேறி வந்து பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். முகம் பாதி வீங்கியிருந்தது.

"ஏன் என்கிட்ட சொல்லலை?" என்றார் டாக்டர்.

"நீங்க கேக்கலையே," என்றார் டீச்சர்.

டாக்டருக்குச் சுருக்கென்றது. எதிரே உட்கார்ந்து ஒரு மாதமாக ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டவளைக் கவனிக்காமல், பனிமலையில் யானைக்குப் போர்வை தேடிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று தோன்றியது. அவர் குரல் தணிந்தது. "சரி, அங்கேர்ந்து ஏன் ஓடி வந்தே?"

"அங்கே ஒரே அமைதி. ஓடைச் சத்தமும் என் நெஞ்சு அடிக்கிற சத்தமும்தான். அந்த டாக்டர் ஊசியை எடுக்கிறார், என்னையே பார்க்கிறார், ஒண்ணுமே பேச மாட்டேங்கறார். கொலைகாரன்கூட ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் பண்ணுவான்."

நாற்காலியில் உட்கார வைத்தார்கள். டாக்டர் விளக்கை இழுத்தார். சட்டம் சட்டம்தான். "வாயைத் திறங்க," என்றார், சொந்த மனைவியைப் பன்மையில். டீச்சர் திறந்தார், உடனே மூடினார். மறுபடி திறந்தார். ஊசி பாதி தூரம் வந்தபோது இடது கை தூக்கினார். ஊசி பின்வாங்கியது. மூன்று முறை இது நடந்தது. நாலாவது முறை டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னார்.

"என்னங்க. ஏதாவது கேளுங்க."

"என்னது?"

"உங்க சந்தேகம். எதையாவது கேட்டுத் தொலைங்க."

டாக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா எழுந்து போய் அலமாரிக் கதவைச் சாத்தினார்.

மூன்று வாரமாக அணைபோட்டு வைத்த கேள்விகள் நூறாவது இருக்கும். வந்ததா ஒன்றாவது? வரவில்லை. ஊர் பேர் தெரியாத வாயெல்லாம் பார்த்த மனிதருக்கு, பயந்துபோன இந்த ஒரு வாயைப் பார்த்ததும் மூளை துடைத்துவிட்ட கரும்பலகை ஆகிவிட்டது. பீரங்கி போன இடம் தெரியவில்லை. யானைகள் மலை ஏறி இறங்கிப் போயே போய்விட்டன. தவித்துப்போய்ச் சுவரைப் பார்த்தார். சுவரில் மருந்துக் கம்பெனி கொடுத்த காலண்டர் தொங்கியது.

"ஒரு சின்ன சந்தேகம்," என்றார். "ஒரு காலத்துல காலண்டர் தப்பாப் போகுதுன்னு பத்து நாளை வெட்டி எடுத்துட்டாங்க இல்லையா? நாலாம் தேதி ராத்திரி படுத்தவன் எழுந்தா பதினஞ்சாம் தேதி. உலகம் பூரா எல்லா நாட்டுக்காரனும் ஒரே ராத்திரியில பத்து நாளைத் தொலைச்சிட்டு முழிச்சான்..."

டீச்சரின் கண் திறந்தது. அதில் இருந்தது பயம் அல்ல. விடைத்தாளில் பெரிய தப்பைக் கண்டுவிட்ட பார்வை அது. ஊசி உள்ளே போனதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

"ஆ," என்றார் டீச்சர்.

"இரு, பேசாதே, மரத்துப் போகட்டும். இதுல என் கேள்வி என்னன்னா, பன்னெண்டாம் தேதி பல்லைப் பிடுங்கிக்க வர்றேன்னு ஒருத்தன் சொல்லியிருந்தா, அந்தத் தேதியே வரலையே, அவன் பல்வலி என்ன ஆச்சு? உலகம் பூரா எத்தனை பேருக்கு..."

"ஆ. ஆ." டீச்சரின் ஆள்காட்டி விரல் கைப்பிடியை விட்டு எழுந்து ஆடியது. வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்த்து ஆடுகிற அதே விரல். பின்பு பத்து விரலையும் விரித்துக் காட்டி, கூட ஒரு விரலைக் காட்டினார். பின்பு காற்றிலே ஏதோ ஆண்டு எழுதினார். டாக்டர் "அப்படியா? ஒரே நாள்தானே?" என்று அப்பாவியாகக் கேட்டுக்கொண்டே குறடை எடுத்தார். இந்த விஷயத்தில் அவர் நடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆண்டு விவரம் அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

அடுத்த ஐந்து நிமிடம் டீச்சர் துடித்த துடிப்பு சொல்லி முடியாது. வலியால் அல்ல. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதர் பாடத்தில் இருக்கிற ஒன்றைக் கேட்டிருக்கிறார், விடை நுனி நாக்கில் நிற்கிறது, நாக்கோ மரத்துப்போய்க் கிடக்கிறது. டாக்டர் பஞ்சை எடுத்ததுதான் தாமதம், கோணிய வாயோடு வெடித்தார்.

"எழ்ழா நாட்டுழயும் ஒரே நாழ் இழ்ழை. சிழ நாடு நூத்தெழுபது வருஷம் கழிச்சுதான் மாத்திச்சு. அவங்க வெட்டினது பதினோரு நாழ்."

"கொப்பளிங்க," என்றார் டாக்டர்.

"கொப்பழிக்கிறது இருக்கட்டும். பழ்ழை எப்பப் பிடுங்குவீங்க?"

அக்கா ஒரு தட்டை நீட்டினார். அதில் டீச்சரின் ஞானப்பல் குறுக்கே படுத்திருந்தது.

அன்று சாயங்காலம் டீச்சர் சாப்பாட்டு மேஜையில் ஆறிப்போன சூப்பை ஸ்பூனால் கலக்கிக்கொண்டிருந்தார், குடிக்கவில்லை.

"என்ன, வலிக்குதா?" என்றார் டாக்டர். அனுமதிக்கப்பட்ட வாக்கியம்தான், ஆனால் அன்றைக்கு அதை நிஜமாகவே கேட்டார்.

"அதில்லைங்க. அந்தப் பத்து நாளுக்குள்ள பொறந்த நாள் வர்ற குழந்தைங்க இருந்திருக்குமே. அதுங்களுக்கு அந்த வருஷம் வயசு ஏறிச்சா இல்லையா?"

டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் போனைக் கையில் எடுத்தார். இரண்டு நிமிடம் அதையே பார்த்தார். பின்பு மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

கதை சுபமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். எதிர்க் கிளினிக் நன்றாகவே நடக்கிறது. ஓடைச் சத்தம் பிடித்தவர்கள் உலகத்தில் நிறைய. நம் டாக்டரின் பெஞ்சில் இன்னும் இடம் இருக்கிறது, ஆனால் படுக்க முடியாது. அலமாரித் தாள் கிழிக்கப்பட்டு, புது ஏற்பாடு ஒன்று வந்திருக்கிறது. சீட்டு எழுதும்போதே அக்கா தலை நிமிராமல் கேட்டுவிடுவார்: "கேள்வியோடவா, கேள்வி இல்லாமலா?" காபிக்குச் சர்க்கரை கேட்பதுபோல. பஸ் டிரைவர் கேள்வியோடு. தையல்கார அம்மா பாதிக் கேள்வி போதும் என்பார். கடிகாரக்காரர் வராமலே இருந்தார். போன மாதம் வந்தார், பெஞ்சில் அரைமணி யோசித்தார், "சின்னதா ஒண்ணு" என்றார்.

டீச்சர்தான் கொஞ்சம் மோசமாகிவிட்டார். அரையாண்டுத் தேர்வுத் தாளின் கடைசியில், மதிப்பெண் இல்லாத கேள்வி என்று ஒன்றைப் போட்டுவிட்டார். தலைமையாசிரியை அவரை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, "இதுக்கு விடை என்ன?" என்று கண்டிப்பாகக் கேட்டாராம். விடை இல்லை என்று டீச்சர் சொன்னாராம். அதன் பின் அந்த அறையில் வெகுநேரம் பேச்சுச் சத்தமே கேட்கவில்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்கள்.

ஆகவே, வாசகரே, இந்த இனத்தைத் தூரத்தில் கண்டால் ஒதுங்கிப் போங்கள். இது ஒட்டுவாரொட்டி. நமக்கெல்லாம் அந்த வியாதி வராது என்று நீங்கள் தைரியமாக இருக்கலாம். பொருட்காட்சிச் சாலைக்குப் போனால் எல்லாரையும்போல ராஜாவின் சிம்மாசனத்தைப் பார்த்து, அடேயப்பா எத்தனை ரத்தினக் கல் என்று வியந்துவிட்டு அடுத்த அறைக்கு நகர்கிறவர்தான் நீங்கள். முதுகு சாய்கிற இடம், கை வைக்கிற இடம், உட்காருகிற இடம் என்று பாக்கியில்லாமல் கூர்கூராகக் கல் பதித்து வைத்திருக்கிறார்களே, இதன் மேல் அந்த மனுஷன் நாள் முழுக்க எப்படி உட்கார்ந்தான் என்று உங்களுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

இப்போது தோன்றிவிட்டதா? பரவாயில்லை, யாருக்கும் தெரிய வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.